புழுக்கைக் கம்பவுண்டரின் கல்

கோலார் தங்கவயலில் ஊரே பூமிக்குள் இறங்கித் தங்கம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், பூமிக்கு மேலே குனிந்தபடி நடந்து, மிருகங்கள் போட்டுவிட்டுப் போனதைத் தேடிப் பொறுக்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் மாமனார். உலகத்திலேயே என்று சொல்வது மிகை என்று நினைப்பவர்கள் இன்னொருவரைக் காட்டட்டும். காட்டினால், அவருடைய மாப்பிள்ளை யார் என்று விசாரித்து நானே நேரில் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறேன்.

தங்கவயலின் ஊரிகம் பகுதியில் ஒரு சுரங்கத்து ஆஸ்பத்திரியில் அவர் கம்பவுண்டர். தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அச்சானதோடு சரி. கூலிக்காரர்களுக்காக வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், பால்குடி மறக்காத குழந்தை கூட அவரைப் புழுக்கைக் கம்பவுண்டர் என்றுதான் சொல்லும்.

அந்த ஊரில் யாருக்கும் சொந்தப் பெயர் செல்லாது. எல்லாரும் இன்னாருக்கு இன்னார்தான். என் அண்ணன் சுரங்கத்தில் ஒரு கேங்குக்கு மேஸ்திரி. அவர் குரல் கொடுத்தால் மூன்று தளம், சுரங்கத்துப் பேச்சில் மூன்று லெவல், கீழே இருப்பவன் கடப்பாரையை எடுப்பான். வட ஆற்காட்டிலிருந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, வளர்த்து, படிக்கவைத்து, டைம் ஆபீசில் குமாஸ்தாவாக உட்காரவைத்தவர் அவர்தான். ஆகவே நான் 'மேஸ்திரி தம்பி'. அந்தப் பெயரோடு தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன். கல்யாணமான மறுநாள் காலையில் வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பக்கத்தில் நின்றவரிடம், "இவுரு யாருன்னு தெரீல? நம்ம புழுக்கக் கம்பவுண்டரு மாப்ள" என்றார். அன்றைக்குக் குனிந்த தலை வெகுநாள் நிமிரவில்லை.

பெண் பார்க்கப் போனபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் வரிசையாகப் பாட்டில்கள். பாட்டில்களுக்குள் கறுப்பும் பழுப்புமாக உருண்டைகள். அண்ணன் அவற்றை மரியாதையோடு பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, லேகிய உருண்டைங்களா?"

"எடுத்துப் பாருங்க" என்றார் மாமனார் சந்தோஷமாக.

அண்ணன் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "ஓமம் ஜாஸ்தியோ?"

"அது முள்ளம்பன்றி."

"முள்ளம்பன்றி கறியில கூட லேகியம் பண்றாங்களா?"

"கறி இல்ல சம்பந்தி. அது போட்டது."

அண்ணன் உருண்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கொல்லைப்புறம் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். அன்றைக்குக் கொடுத்த பஜ்ஜியை அவர் தொடவே இல்லை. நான் தின்றேன். பெண்ணை எனக்குப் பிடித்துப் போயிருந்தது. நிச்சயதார்த்தத்தில் இரண்டு பேரும் வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொண்டபோது அண்ணன் மாமனாரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாமனார் ஒரு குடையும் ஒரு தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு பேத்தமங்கலம் ரோட்டில் கிளம்பிவிடுவார். புது மாப்பிள்ளை என்ற மரியாதையில் என்னையும் கூப்பிடுவார். மறுக்க முடியுமா? முயல், நரி, மரநாய் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து, குச்சியால் கிளறி, கோயில் சிற்பத்தை விளக்குகிறவர்போல விளக்குவார்.

"மாமா, யாராச்சும் பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"எதையோ தொலச்சிட்டோம்னு நெனைப்பாங்க மாப்ள. நல்ல மனுஷனா இருந்தா கூட வந்து தேடுவான்."

அவர் சொன்னது போலவே வந்தார்கள். தங்கம் விளைகிற ஊரில், ஆஸ்பத்திரி உத்தியோகஸ்தரும் டைம் ஆபீஸ் குமாஸ்தாவும் குனிந்தபடி எதையோ தேடுகிறார்கள் என்றால் யார் சும்மா இருப்பார்கள்? ஏரிக்கரை வருவதற்குள் எங்கள் பின்னால் ஒரு கூட்டமே குனிந்துகொண்டு வந்தது. ஒரு கிழவர் உள்ளங்கையில் ஆட்டுப் புழுக்கையை வைத்துக்கொண்டு, "சாமி, இதுல ஏதாச்சும் தேறுமா?" என்று என்னைக் கேட்டார். மாமனார் அதை வாங்கிப் பார்த்து, "ஆடு நல்லா எல துன்னு கீது" என்று திருப்பிக் கொடுத்தார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

இதையெல்லாம் விளையாட்டாகச் சொல்கிறேன். ஆனால் அந்த வருஷம்தான் என் அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஏணி ஏணியாக ஏறிய மனிதர், ஆள் ஏற்றி இறக்கும் கேஜை விட்டு இறங்கி நாலு அடி நடந்ததும் கல்லின்மேல் உட்கார்ந்துவிடுவார். முகம் வெளுத்து, கால் வீங்கி, யாரும் பார்க்காதபோது, ரத்தம் சுண்டியவர்களுக்கு வருகிற ஆசையில், செங்கல் துண்டை வாயில் போட்டு மெல்லுவார். கேங்கில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். வேலைக்கு லாயக்கில்லை என்று ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை எழுதிவிட்டால் சீட்டைக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் எங்களுக்கு என்ன இருந்தது? கடன்காரன் உழுதுகொண்டிருந்த நிலம்தான்.

அந்தச் சமயத்தில்தான் மாமனாருக்கு அந்தக் கல் கிடைத்தது.

கர்நூல் பக்கத்திலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு வரும் தெலுங்கு வண்டிக்காரர் ஒருவர், கால் புண்ணுக்குக் கட்டுப்போட ஆஸ்பத்திரிக்கு வருவார். அவருடைய ஊரில் மலைக்குகைகளில் மண் வெட்டி வெடியுப்பு காய்ச்சுவார்களாம். வெட்டும்போது வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வருமாம். கம்பவுண்டரின் ருசி அறிந்து, வெங்காயத்துக்கு நடுவில் நாலைந்து கட்டிகளை வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மாமனார் அன்றைக்கு மத்தியானமே டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். ஷிப்டு மாறுகிற நேரம். வெளியே ஆள் வரிசை.

"மாப்ள, கைய நீட்டுங்க."

நீட்டினேன். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக, கனமாக ஒன்று. தட்டினால் டக்கென்றது. நடுவே பொடிப்பொடியாக எலும்புச் சில்லுகள்.

"கழுதப்புலியோடது. எலும்ப நொறுக்கித் துன்றதாலதான் வெள்ளையா போவும். குகையில மண்ணு மூடி, தண்ணி சொட்டி சொட்டி கல்லாவே பூடுச்சி."

"எவ்ளோ நாளு ஆயிருக்கும்?"

"கோலாரம்மா கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டறதுக்கு எவ்வளவோ முன்னாடி. அந்தக் குகையில காண்டாமிருகத்து எலும்பு கூட கெடைக்குதாம். இப்ப அங்க காண்டாமிருகம் எங்க கீது?"

வரிசையில் நின்ற ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கழுதைப்புலி என்ன செய்தது என்பது வரிசையின் கடைசி வரை போவதை நான் காதால் கேட்டேன். அன்றைக்கு வருகைச் சீட்டு வாங்கின ஒவ்வொருவனும் என் கையைத் தொடாமல் வாங்கினான்.

மாமனாருக்கு அது போதவில்லை. ஆஸ்பத்திரித் திராவகத்தில் தண்ணீர் கலந்து, அதில் ஒரு துண்டைப் போட்டுவைத்தார். நாலு நாளில் அது கரைந்து அடியில் வண்டல் நின்றது. டாக்டர் துரை பந்தாடப் போன ஞாயிற்றுக்கிழமை, அந்த வண்டலில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து, துரையின் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பார்த்தவர் எனக்கு ஆள் அனுப்பினார்.

"பாருங்க மாப்ள. இன்னா தெரியுது?"

"கறுப்பா, நீளமா, கம்பி கம்பியா கீது மாமா."

"அது உங்க கண்ணு மயிரு. இமையத் தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். குப்பைக்கு நடுவே மஞ்சள் நிறத்தில், தடித்த ஓடு போட்டு, கோழிமுட்டையைச் சுருக்கிச் சுருக்கி ஒன்றுமில்லாமல் ஆக்கியதுபோல ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.

"பூச்சி முட்ட" என்றார் மாமனார். குரல் தாழ்ந்திருந்தது. "கழுதப்புலி வயித்துல இருந்த பூச்சி. பூச்சி செத்துச்சி, கழுதப்புலி செத்துச்சி, போட்டது கூட கல்லாச்சி. இது மட்டும் அப்பிடியே கீது பாருங்க."

"நம்மாளுங்களுக்கு வர பூச்சியா மாமா?"

"அதே இல்ல. அதுக்குப் பங்காளின்னு வச்சுக்கோங்க." மறுபடியும் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "எலும்பையே நொறுக்கற பல்லு மாப்ள அதுக்கு. அதுக்கே வயித்துல பூச்சி இருந்திருக்குது" என்றார். பரீட்சையில் தன்னோடு இன்னொருவனும் தேறவில்லை என்று கேள்விப்பட்டவனைப்போல இருந்தது அவர் முகம். அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. யாரும் பார்ப்பதற்குள் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

மிச்சமிருந்த கற்களை டாக்டர் துரைக்குக் காட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து அவற்றைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு துரையின் பங்களாவுக்குக் கிளம்பினார். எங்கள் ஊரில் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டுவது எப்பேர்ப்பட்ட காரியம் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். வெள்ளைக் கல்லில்தான் தங்கம் ஓடும். அதை ஒளித்துக்கொண்டு போகிறவன் திருடன். காவல்காரன் தடவிப் பார்த்தான், பிடித்தான், மேலாபீசுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"உங்க மாமனாரப் புடிச்சிட்டாங்க. இடுப்புல தங்கக் கல்லாம்" என்று செய்தி வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் ஓர் அதிசயம். அரை நாளுக்குள் ஊரில் என் மதிப்பு எங்கேயோ ஏறிவிட்டது. வெற்றிலைக் கடைக்காரர் உட்கார முக்காலி போட்டார். என்னை ஏறெடுத்தும் பார்க்காத ஹெட் கிளார்க், "நெஞ்சுரம்யா அந்த மனுஷனுக்கு" என்று தோளைத் தட்டினார். அக்கம்பக்கத்து ஆள் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அடுத்த தபா எங்களையும் சேத்துக்கோங்க" என்று காதோடு சொன்னார்.

சாயங்காலம் உண்மை வெளியே வந்தது. தங்கம் இருக்கிறதா என்று சோதிக்கிற துரைக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்லைக் கையில் எடுத்ததும் நாக்கால் தடவி ஈரமாக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அப்படியே செய்தார். ஒரு தடவை போதாமல் இரண்டு தடவை. அப்புறம்தான், "இது எங்கே எடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். மாமனார் சொல்லியிருக்கிறார். துரை அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று சமையல்காரர் சொன்னார்.

"ஏன் மாமா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள துரை நாக்க நீட்டிட்டாரு. பெரிய மனுஷன் ஒரு காரியம் பண்ணிகினு இருக்கும்போது குறுக்க பேசறது மரியாத இல்ல மாப்ள."

கற்களைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் முக்காலி இல்லை. என் மனைவி தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் கேலி தாங்காமல் வெறும் குடத்தோடு திரும்பி வந்து அழுதாள்.

"எங்க நைனா தங்கத்தயே திருடியிருந்தாலும் தல நிமிந்து போயி தண்ணி புடிப்பேன். இத்த இன்னான்னு சொல்லுவேன் நானு?"

எனக்கும் அதே வருத்தம்தான். திருடனுக்கு மாப்பிள்ளை என்றால் ஒரு கெத்து உண்டு. புழுக்கையைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோனவருக்கு மாப்பிள்ளை என்றால் என்ன மிச்சம்?

இந்த அவமானம் ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. சுரங்கத்தில் ஆட்கள் வெளுத்துப்போவதற்கு வயிற்றில் இருக்கிற பூச்சிதான் காரணம் என்று டாக்டர் துரை முடிவு கட்டினார். கீழே லெவலில் ஆட்கள் இருட்டில் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். வேறு வழியும் கிடையாது. அதே சேற்றில் வெறுங்காலோடு நடப்பார்கள். அதே கையால் கட்டுச்சோற்றை எடுத்துத் தின்பார்கள். பூச்சி கால் வழியாகக்கூட ஏறுகிறதாம் என்று மாமனார் சொன்னபோது, நாங்கள் அவர் எதிரிலேயே சிரித்தோம். பூமிக்கடியில் இறங்குகிற ஒவ்வொருவனும் தன் டோக்கன் நம்பர் போட்ட டப்பாவில் தன்னுடையதைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் கொடுக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. வாங்கிக்கொள்கிறவர் கம்பவுண்டர்.

ஊர் செத்துப்போயிற்று. வெடிக்கும் பயப்படாத ஆட்கள், பாறை சரிந்து பிணத்தைத் தோளில் சுமந்து வந்த ஆட்கள், அந்தச் சின்னத் தகர டப்பாவைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். கொடுக்க வந்த ஓரிருவர், வேட்டியில் சுற்றி, அதைப் பையில் போட்டு, பையின் மேல் கத்தரிக்காய் வைத்துக்கொண்டு வந்தார்கள். "இன்னா வாங்கினு போற" என்று கேட்டவனிடம் ஒருவர் கத்தரிக்காய் விலையையும் சொல்லவேண்டியதாயிற்று.

அண்ணனின் கேங்கிலிருந்து மட்டும் அத்தனை டப்பாவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. டாக்டர் துரை பூரித்துப்போனார். மாமனார் திறந்து பார்த்தார். அன்றைக்கு ஷிப்டு முடிந்து கேங்கு மேலே வந்தபோது அவர் குடையோடு சுரங்கக் குழியின் ஷாப்டு வாசலில் நின்றார்.

"கேங்கு பூராவும் சேந்து ஒரே கொய்யாப்பழத்த பங்கு போட்டுத் துன்னீங்களா?"

எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"எந்த டப்பாவத் தொறந்தாலும் அதே கொட்ட, அதே பழத்தோலு. எல்லாம் ஒரே ஆளோடது. யாருது?"

விஷயம் இதுதான். கேங்கில் கர்லாக்கட்டை சுற்றுகிற ஒரு பயில்வான் இருந்தான். அவனுடைய உடம்பில் நோய் எங்கேயிருந்து வரப்போகிறது என்று எல்லாரும் அவன் ஒருவனையே கெஞ்சி, டப்பாக்களை நிரப்பிக்கொண்டுவிட்டார்கள். மானமும் போகாது, மருந்தும் வேண்டாம். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஊரிலேயே அதிகப் பூச்சி பயில்வானுக்குத்தான். அவன் ஒருவனால் கேங்கு மொத்தத்துக்கும் பேதி மருந்து எழுதப்பட்டது; குட்டு உடைந்ததும் துரை அதைக் கிழித்துப் போட்டார். பயில்வான் அதன்பிறகு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

டாக்டர் துரைக்குக் கோபம் வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் அவனவன் டப்பா வரவேண்டும், வராதவனுக்குச் சீட்டுக் கிழியும், மேஸ்திரிக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டார். நான் அண்ணனிடம் போனேன். அவர் சுவரில் சாய்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"டப்பா தான அண்ணே. குடுத்துட்டா ஆச்சி."

"யார் கையில?"

"மாமா கையில."

"அவுரு சம்பந்திடா. உன் கால கழுவி பொண்ணக் குடுத்த மனுஷன். என்ன மேடையில உக்கார வச்சி சந்தனம் பூசுனவரு. அவுரு கையில நானு போயி அத்தக் குடுக்கறதா? அவுரு அத்தத் தொறந்து, குச்சில எடுத்து, கண்ணாடில வச்சிப் பாக்கறதா? அப்பறம் தீவாளிக்கு எந்த மூஞ்சியோட அவுரு ஊட்டுக்குப் போவேன்? சீட்டக் கிழிக்கச் சொல்லு. ஊருக்குப் போயி சாவறேன்."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. அதுதான் வேதனை. அந்நியனிடம் கொடுத்துவிடலாம். சம்பந்தியிடம் எப்படிக் கொடுப்பது? அண்ணனுடைய உயிர் அந்தச் சின்ன டப்பாவில் இருக்கிறது என்று தெரிந்தும், வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. மாமனாரிடம் போய் அப்படியே சொல்லி அழுதேன். அவர் வெகுநேரம் குடைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி சொல்றது நாயந்தான்" என்றார் கடைசியில்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். "இன்னாங்க, இங்க வந்து பாருங்க. எங்க நைனாவப் பாருங்க."

லைன் வீடுகளுக்கு நடுவே மாமனார் வந்துகொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்தில் கட்டிய சரிகை வேட்டி. நெற்றியில் திருநீறு. இரண்டு கையிலும் ஏந்திய பித்தளைத் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், கதம்பம். பூவுக்கு நடுவில் அந்தக் கழுதைப்புலிக் கல். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா. மூடிமறைக்காமல், ஊருக்கே தெரிகிற மாதிரி. இருமருங்கும் ஜனம் வெளியே வந்து நின்றது. பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் பூமி பல இடத்தில் பிளந்துதான் கிடந்தது. ஆனால் அதற்குள் இறங்க டைம் ஆபீஸ் சீட்டு வேண்டும், அதைக் கொடுக்கிறவனும் நானேதான். ஆகவே விழவும் வழியில்லாமல் அவர் பின்னாலேயே அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

அண்ணன் எழுந்து நின்றார். சம்பந்தி தட்டோடு வந்தால் நிற்காமல் இருக்க முடியுமா?

மாமனார் தட்டைக் கீழே வைக்கவில்லை. "சம்பந்தி, இந்தக் கல்லு கழுதப்புலி போட்டது. மனுஷனுக்கெல்லாம் முந்தினது. இதுல பூச்சி முட்ட கீது. நம்ம மாப்ளையும் பாத்தாரு" என்றார். பிறகு டப்பாவைக் கண்ணால் காட்டினார். "இது என்னுது. இதுலயும் கீது."

"உங்களுக்கா?" என்றார் அண்ணன்.

"ரொம்ப வருஷமா. எனக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரி மேடு ஏற முடியல. குடைய ஊனிகினு ஏறுவேன். ஊருக்கே மருந்து கலக்கறவன், எனக்குப் பூச்சின்னு துரைகிட்ட எப்பிடிச் சொல்லுவேன்? ஆஸ்பத்திரியே சிரிக்கும். என்னுதப் பாக்க வெக்கப்பட்டுகினு, நரிது, மொயலுதுன்னு பாத்துகினு திரிஞ்சேன். இந்தக் கல்லுல பாத்த அன்னிக்குத்தான், இது நம்ம பண்ண தப்பு எதுவும் இல்லன்னு பட்டுச்சி. அப்பவும் எனக்கு தைரியம் வரல. நீங்க செத்தாலும் சாவேன்னு சொன்னதா மாப்ள வந்து அழுதாரு. அதுக்கப்பறம்தான் வந்துச்சி."

அவர் தட்டை முன்னால் நீட்டினார். தட்டிலிருந்த தேங்காய் உருண்டு டப்பாவில் இடித்தது. அவர் குடையை எப்போதும் ஊன்றி நடந்ததை அந்த நிமிஷம்தான் நான் நினைத்துப் பார்த்தேன். அவரோடு பேத்தமங்கலம் ரோட்டில் எத்தனை தடவை நடந்திருக்கிறேன்.

"உங்களுத நானு மட்டும் பாத்தா அது உங்களுக்கு அவமானம். என்னுதயும் நீங்க வாங்கிக்கினு போயி துரைகிட்டக் குடுங்க. உங்களுத நானு வாங்கிக்கறேன். தட்டு மாத்திக்கின கையி தான சம்பந்தி, இத்த மாத்திக்க இன்னா?"

அண்ணன் உள்ளே போனார். அண்ணி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். அண்ணன் திரும்பி வந்தபோது அவர் கையிலும் ஒரு தட்டு இருந்தது. அதில் இரண்டு வெற்றிலை. வெற்றிலையின்மேல் டோக்கன் நம்பர் போட்ட டப்பா. தினமும் காலையில் கொடுக்கத் தயாராகி, தினமும் கொடுக்காமல் திரும்பியிருக்கிறார் மனிதர்.

"நேரம் நல்லா கீதா சம்பந்தி?" என்று கேட்டார் அண்ணன்.

"ராவுகாலம் காலையிலயே போயிடுச்சி. மாத்தலாம்."

மாற்றிக்கொண்டார்கள். வாசலில் நின்ற கேங்கில் ஒருவன் கூடச் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் டப்பா வரிசை நின்றது. கத்தரிக்காயை யாரும் கொண்டுவரவில்லை.

மருந்து சாப்பிட இரண்டு சம்பந்திகளையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். முந்தின நாளிலிருந்து பட்டினி. சாராய வாடையே கூடாது, அது மருந்தோடு சேர்ந்தால் ஆளைக் கொன்றுவிடும். காலையில் மாத்திரை, கொஞ்ச நேரம் கழித்துப் பேதி உப்பு. நான் செம்பும் தண்ணீருமாக நின்றேன். இருந்ததோ ஒரே கக்கூஸ். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து, ஒரே சமயத்தில் கதவண்டை போய் நின்றார்கள்.

"நீங்க போங்க சம்பந்தி."

"அது எப்பிடி? நானு பொண்ணு ஊட்டுக்காரன். நீங்கதான் முன்னாடி."

"வயசுல நீங்க பெரியவரு."

"மொறைன்னு ஒண்ணு கீது இல்ல. நீங்க போங்க."

"நீங்க போவாம நானு எப்பிடிப் போறது?"

மரியாதையில் யார் ஜெயித்தார்கள் என்று எழுதமாட்டேன். அது முடிவாவதற்குள் காலம் கடந்துவிட்டது. தரையைக் கழுவியவன் நான். கழுவும்போது இரண்டு கிழவர்களும் கட்டிலில் படுத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கேட்குமே என்று நான் அவர்களை அதட்டினேன். அதற்கும் சிரித்தார்கள்.

அண்ணனின் முகத்தில் ரத்தம் ஏற மாதக்கணக்காயிற்று. ஏறியது. அவருடைய சீட்டைக் கிழிக்கவில்லை. மறுபடியும் குரல் கொடுத்தார், மூன்று லெவல் கீழே கடப்பாரை எழுந்தது. கீழே லெவலில் மூடி போட்ட வாளிகள் வைத்தார்கள். மாமனார் குடையை ஊன்றாமல் மேடு ஏறினார். அப்புறமும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தமங்கலம் ரோட்டில் குனிந்துகொண்டுதான் போனார். இப்போது துணைக்கு அண்ணனும் குனிந்தார்.

அந்தக் கல் தட்டில் வந்தது. சம்பந்தி வீட்டிலிருந்து தட்டில் வந்ததைத் தூர எறியக்கூடாது என்று அண்ணி அதை விளக்கு மாடத்தில் வைத்தாள். மாடத்தில் இருப்பதை வெறுமனே விடக்கூடாது என்று குங்குமம் வைத்தாள். ஆயுத பூஜைக்குப் பொரியும் பூவும் கிடைத்தன. அண்ணன் காலமானபிறகு அது எங்கள் வீட்டு மாடத்துக்கு வந்தது. என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்துப் பொட்டு வைக்கிறாள். மாமனார் போய் வெகுகாலமாகிவிட்டது. கழுதைப்புலி போட்டதற்குக் கற்பூரம் காட்டுகிற குடும்பம் இந்தத் தேசத்தில் எங்களுடையது ஒன்றுதான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான், "இது இன்னா சாமிங்க?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் ஏதோ குலதெய்வம் என்று மழுப்பிவிடுவேன். இப்போது மழுப்புவதில்லை.

"எங்க மாமனாருங்க" என்கிறேன்.